நல்லமிளகும் கிராம்பும் பழகிய மூக்குக்கு வைன் அந்நியமில்லை

சொகுசுக் கப்பல்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் குமரி மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். நானும் அதில் ஒருவன். சமையல்கட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு உணவுக்கூடத்தில் பரிமாறி, கடைசி ஆண்டுகளில் வைன் ஸ்டூவர்ட் ஆனேன். மேசைக்கு என்ன சாப்பாடு வருகிறதோ அதற்கு ஒத்துப்போகும் வைனைச் சொல்வது, திறப்பது, ஊற்றுவது. இதுதான் வேலை. அதற்காக டபிள்யூ.எஸ்.இ.டி. பாடமும் படித்தேன். வைன் பற்றிக் கற்றுத்தர 1969-ல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது. முதலில் நிறம், அடுத்து மணம், பிறகு வாயில் சுவை, கடைசியில் தரம் பற்றிய முடிவு என்று ஒரு ஒழுங்கில் ருசிக்கப் பழக்குவார்கள்.

அந்தப் பாடத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது மணங்களின் பட்டியல். கூஸ்பெர்ரி, பிளாக்கரண்ட், ராஸ்பெர்ரி, வயலெட் பூ என்று போகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியர் ஆன் நோபல் 1980-களில் வடிவமைத்த, வைன் மணங்களை வகை பிரித்து வட்டமாக எழுதிய மணச் சக்கரத்தை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அருமையான கருவி. ஆனால் அதிலுள்ள பழங்களில் பாதியை நம்மூர் ஆட்கள் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. உடன் படித்தவர்கள் பலரும் பட்டியலை மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் பரீட்சைக்கு ஆகும், கிளாஸைக் கையில் எடுக்கும்போது ஆகாது.

எனக்கு வழி திறந்தது நல்லமிளகில். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு, அதன் வடபகுதியில் விளையும் சிரா திராட்சையின் சிவப்பு வைன். முகர்ந்ததும் கல்லில் நல்லமிளகைத் தட்டிப்போட்ட மணம் அப்படியே வந்தது. என் கற்பனையோ என்று நினைக்கவும் இல்லை, அவ்வளவு தெளிவு. பிறகுதான் படித்தேன்: ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-ல் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறார்கள். பெயர் ரோட்டண்டோன். நல்லமிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஆக, ‘மிளகு போல’ என்று சொல்வது வெறும் உவமை இல்லை. கிளாஸில் இருப்பதும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பதும் ஒரே சரக்கு. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் எட்டவே எட்டாது. பக்கத்தில் இருப்பவர் ‘மிளகு’ என்கிறார், உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் தலையாட்டிவிடாதீர்கள். வரவில்லை என்றே சொல்லுங்கள். உங்கள் மூக்கு அப்படி, அவ்வளவுதான்.

ஊர் திரும்பி தக்கலைப் பக்கம் வீடு கட்டிய பிறகு, நண்பர்களும் சொந்தக்காரர்களும் சில சாயங்காலங்களில் கூடுகிறோம். குடிப்பவர்களும் உண்டு, ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவர்களும் உண்டு. எங்கள் மைனி இரண்டாவது வகை. மாறாமலைப் பக்கம் கிராம்புத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். மொட்டு விரிவதற்கு முன் பறித்து, காம்பு கிள்ளி, பாயில் உணக்கி, தரம் பிரித்த கை. ஒருநாள் ஸ்பெயினின் ரியோஹா பகுதி ‘ரிசர்வா’ ஒன்றைத் திறந்தேன். ரிசர்வா என்று லேபிளில் போட வேண்டுமானால் அந்தச் சிவப்பு வைன் குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும், அதில் 1 ஆண்டாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். கிளாஸை மைனியிடம் நீட்டி, “மோந்து மட்டும் பாருங்க மைனி” என்றேன். கண்ணை மூடி ஒருதரம் இழுத்தார்.

“இதுக்குள்ள யாரு கிராம்பு போட்டா?”

யாரும் போடவில்லை. பீப்பாய் செய்யும்போது ஓக் பலகையை வளைக்கவும் வாட்டவும் உள்பக்கம் தீ காட்டுவார்கள். அந்த மரத்திலிருந்து யூஜினால் என்ற பொருள் வைனில் இறங்கும். கிராம்பின் உயிரே யூஜினால்தான். கன்னியாகுமரி கிராம்பு 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தக் கிராம்போடு வளர்ந்த மைனியின் மூக்கு, லேபிளைப் படிக்காமலே பீப்பாயைக் கண்டுபிடித்துவிட்டது. கப்பலில் என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் பலருக்கு இது கைவர மாதக்கணக்கானது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் சொல்வது இதுதான்: பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள், உங்கள் அடுக்களையிலும் விளையிலும் (தோட்டத்திலும்) இருக்கும் மணங்களைத் தேடுங்கள். நிறையவே கிடைக்கும். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த வைனில் தேங்காய் மணம் வரும். லாக்டோன் என்ற வகைப் பொருள்கள் அதற்குக் காரணம், தேங்காயின் மணமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரான்சின் போஜொலே பகுதியில் அறுவடையான அதே ஆண்டு நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் ‘நூவோ’ வைனில் வாழைப்பழம் மணக்கும். ஐசோஅமைல் அசிடேட் என்ற அந்தப் பொருளை நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குகிறது, பழுத்த வாழையிலும் அதுவே இருக்கிறது. நன்றாக வாட்டிய பீப்பாயிலிருந்து வரும் புகை வாடை, ரப்பர் ஷீட் போடும் புகைப்பெரைப் பக்கம் நடந்து போனவர்களுக்கு உடனே பிடிபடும்.

குளச்சல்காரர் ஒருவர், மீன்பிடித் தொழில் பார்த்தவர், ஒருமுறை வந்திருந்தார். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங், வெள்ளை வைன், சில ஆண்டுகள் முதிர்ந்தது. முகர்ந்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. “என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, “தப்பா நெனைக்கப்பிடாது. மண்ணெண்ணெய் வாடைல்லா வருது. வள்ளத்து இன்ஜின் மாதிரி” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாடைதான், டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கும் பொருளால் வருவது. வெயில் அதிகம் பட்ட திராட்சையிலும், நாள்பட்ட சீசாவிலும் அது கூடும். அவர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைய கூட்டத்துக்கே நஷ்டம். முதலில் தோன்றுவதைச் சொல்லிவிட வேண்டும். நாகரிகமாக இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கினால் மூக்கு அடங்கிவிடும்.

கம்பம் பன்னீர் திராட்சையை எல்லாருக்கும் தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். அதன் வகைப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். உலகத்தில் மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளுக்கு மட்டும் ஒரு விசேஷம், வைனான பிறகும் திராட்சை வாடையே வீசும். மற்ற வகைகளில் பெரும்பாலும் அப்படி வராது. இத்தாலியின் மஸ்கட்டோ டி ஆஸ்தி 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால்தான், லேசான நுரை, இனிப்பு. புதிதாக ருசிக்க வருபவர்களுக்கு, ஒரு கையில் பன்னீர் திராட்சையைக் கசக்கி முகரக் கொடுத்து மறுகையில் இதைக் கொடுப்பேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

மணம் இப்படி என்றால், வாயில் கவனிக்க வேண்டியவை வேறு. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, சூடு, கனம். புளிப்பை அளக்க எளிய வழி, விழுங்கியோ துப்பியோ ஆன பிறகு வாயைச் சும்மா வைத்துக்கொண்டு இருப்பது. கன்னத்து ஓரங்களில் எவ்வளவு எச்சில் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. துவர்ப்பு சிவப்பு வைனின் சமாச்சாரம். திராட்சைத் தோலோடும் விதையோடும் நொதிக்க விடுவதால் டானின் இறங்குகிறது. அது எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாக்கின் வழவழப்பு போய்விடும். கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், கடித்தவர்களுக்கு இந்த இழுப்பு தெரியும். இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு வைனில் அந்த இழுப்பு ஈறு வரை போகும், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் திராட்சையில் செய்வதில் பட்டும் படாமல் இருக்கும்.

இனிப்பில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழ மணம் தூக்கலாக இருந்தால் இனிக்கிற மாதிரியே தோன்றும், உண்மையில் சர்க்கரை இருக்காது. மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வையுங்கள். மணம் போய்விடும், இனிப்பு இருந்தால் அது மட்டும் நாக்கில் நிற்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும். 8 சதவீதம் இருக்கும் மோசல் ரீஸ்லிங்கையும் 14-க்கு மேல் போகும் ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸையும் அடுத்தடுத்துக் குடித்தால் புரிந்துவிடும். கிளாஸைச் சுழற்றியதும் பக்கவாட்டில் கோடுகோடாக வழிவதைக் காட்டி ‘உயர்ந்த சரக்கு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்கஹால் ஆவியாவதால் வருகிற வழிசல், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி, என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பலன் தந்த பழக்கம். வைனை ஒருபோதும் ஒற்றையாக ருசிக்கக் கூடாது. இரண்டை அருகருகே வைக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் இருக்க வேண்டும். ஒற்றை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது புளிப்பா?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு இருந்தால் ‘எது அதிகப் புளிப்பு?’ என்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கணக்குப் போலப் பதில் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் வரைதான் மது கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி சீசா இரண்டு. கல்ஃபிலிருந்தோ கப்பலிலிருந்தோ வரும் தம்பிமார்களிடம் நான் சொல்லி அனுப்புவது, ‘ரெண்டையும் ஜோடியா வாங்குடே’ என்பதுதான்.

எது ஜோடி? ஒரே திராட்சை, இரண்டு தட்பவெப்பம். வடக்கு ரோனின் சிராவும் பரோசாவின் ஷிராஸும் ஒரே திராட்சை, பெயர்தான் மாறுகிறது. குளிர் மிகுந்த ரோனில் நல்லமிளகும் புளிப்பும், வெயில் கொளுத்தும் பரோசாவில் கனிந்த பழமும் சாக்லேட் சாயலும் கனமும். அல்லது ஒரே திராட்சை, பீப்பாய் உண்டா இல்லையா. பிரான்சின் ஷாப்ளியில் பெரும்பாலும் மர வாடை ஏறாத ஷார்டனே என்ற வெள்ளை வைன் கிடைக்கும். கலிபோர்னியாவில் பீப்பாயில் போட்ட ஷார்டனே வெண்ணெயும் வெனிலாவுமாக வரும். பாதிப் பாடம் இந்த இரண்டு ஜோடியிலேயே முடிந்துவிடும்.

நம் நாட்டிலும் ஜோடி அமைக்கலாம். அரசுக் கடைகளில் கிடைக்கும் வகை குறைவுதான், ஆனாலும் நாசிக்கின் சுலா வைன் பல இடங்களில் உண்டு. 2000-ல் அவர்கள் முதலில் வெளியிட்டவை சாவினான் பிளாங்கும் செனின் பிளாங்கும், இரண்டும் வெள்ளை. அருகருகே வைத்தால் ஒன்றில் பச்சைத் தழையின் வாடையும் சுள்ளென்ற புளிப்பும், மற்றதில் சற்று இனிப்பும் தெரியும். சிவப்புக்கு, பெங்களூர் அருகே நந்தி மலையில் குரோவர் நிறுவனத்தின் ‘லா ரிசர்வ்’, பீப்பாய் கண்டது. இனிப்பாகவும் மலிவாகவும் ‘போர்ட்’ என்று விற்பதை மட்டும் பாடத்துக்கு எடுக்காதீர்கள். உண்மையான போர்ட், போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் நொதித்தலைப் பாதியில் பிராந்தி ஊற்றி நிறுத்திச் செய்வது, 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால். அதோடு இதற்கு உறவு பெயரளவில் மட்டுமே.

நம் வெப்பத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு வைனை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறு என்று எங்கும் எழுதியிருக்கும். அது ஐரோப்பியக் கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. மார்த்தாண்டத்தில் ஏப்ரல் மாத அறை அது இல்லை. 30 டிகிரியில் சிவப்பு வைன் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கில் ஏறும், பழமும் இல்லை மிளகும் இல்லை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி போதும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் பூட்டிக்கொள்ளும். சீசாவை அலமாரியில் அலங்காரமாக மாதக்கணக்கில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

ருசிக்கும் நாளில் அடுக்களையில் மீன் பொரிக்கக் கூடாது, சாம்பிராணி கூடாது, தோவாளைப் பிச்சிப்பூவைத் தலைநிறைய வைத்துக்கொண்டு வரவும் கூடாது. இதை மட்டும் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் பிச்சி மணத்தை ஜெயிக்கும் வைன் உலகத்தில் கிடையாது. கிளாஸ் வாய் குறுகி வயிறு அகன்றதாக இருந்தால் நல்லது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒரு ஆளுக்கு 50 மில்லி தாராளம், ஒரு சீசா பதினைந்து பேருக்கு வரும். துப்புவதற்கு ஆளுக்கொரு டம்ளர் வைத்துவிடுவேன். துப்புவது மரியாதைக் குறைவில்லை, உலகம் முழுக்கத் தொழில்முறையில் ருசிப்பவர்கள் செய்வது அதைத்தான். நாலைந்து வகையை விழுங்கிய பிறகு எவருடைய நாக்கும் நம்பத்தக்கதில்லை. நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பு மட்டும் போட்டு அவித்த மரச்சீனிக் கிழங்கு. ரொட்டியைவிட அது மேல் என்பது என் தீர்ப்பு.

சீசாக்களைத் துணிப்பைக்குள் மறைத்து ஊற்றுவதும் முக்கியம். கண் மூக்கை ஏய்த்துவிடும். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழக வைன் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே அதை விவரித்தார்கள். விலையும் லேபிளும் இதே வேலையைச் செய்யும். 1976 மே 24-ல் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பெயர் மறைத்து நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே சிவப்பில் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-ஐயும் வெள்ளையில் அதே ஊர் ஷாட்டோ மோன்டலீனா 1973-ஐயும் முதலிடத்தில் வைத்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் அப்படி வைத்திருப்பார்களா என்பது சந்தேகமே.

கெட்டுப்போனதை அறிவதும் ருசிப்பதில் சேர்த்திதான். மழையில் நனைந்த சாக்கு, ஊறிப்போன அட்டைப்பெட்டி, இந்த வாடை வந்தால் தக்கையில் கோளாறு. டி.சி.ஏ. என்ற பொருள், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், வைனின் பழ மணத்தையெல்லாம் அமுக்கிவிடும். திருகுமூடி சீசாவில் இந்தத் தொல்லை அபூர்வம். மூடியைப் பார்த்து மலிவு என்று ஒதுக்காதீர்கள், நியூசிலாந்தின் நல்ல வைன்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். ‘இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை’ என்ற சொல்லில் இரண்டாம் பாதி நமக்கு மிகவும் பொருந்தும். சிவப்பு வைனோடு சாளையோ அயிலையோ சாப்பிட்டால் வாயில் இரும்பு நக்கிய மாதிரி ஒரு கசப்பு நிற்கும். வைனிலுள்ள இரும்புச் சத்தும் மீன் கொழுப்பும் சேர்வதால் அது வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். புளி விட்ட மீன்குழம்புக்கு வைனிலும் அதே அளவு புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் வைன் தண்ணீராகிவிடும். அதில் மிளகாய்க் காரமும் இருக்கிறதே, அதற்கு ஆல்கஹால் குறைவாக, இனிப்பு கொஞ்சமாக இருக்க வேண்டும். இத்தனையும் ஒருசேர இருப்பது மோசல் ரீஸ்லிங்கில். மரச்சீனியும் மீன்குழம்பும் அதோடு சேர்கிற பொருத்தத்தை நான் எந்தக் கப்பல் மேசையிலும் கண்டதில்லை. பொரித்த நெத்திலிக்கு நுரைக்கும் வைன் எதுவானாலும் சரி. வறுத்தரைத்த கோழிக்கறிக்குத் துவர்ப்பு குறைந்த சிவப்பு. டானினும் காரமும் சேர்ந்தால் நாக்கு எரியும்.

இனிப்புப் பலகாரத்துக்கு ஒரு விதி உண்டு: பலகாரத்தைவிட வைன் இனிக்க வேண்டும். எங்கள் வீட்டு முந்திரிக்கொத்துக்கு மதீரா வைப்பேன். அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு மதீரா. அந்தக் காலத்தில் பீப்பாய்கள் வெப்பக் கடலைத் தாண்டிப் போய் வந்ததில் வைன் சூடேறி, முன்னைவிட ருசியானது. இன்று தொட்டியில் 45 டிகிரிக்கு மேல் மூன்று மாதமாவது சூடாக்கியோ, மாடி அறையில் ஆண்டுக்கணக்கில் வெயில் சூட்டில் கிடத்தியோ அதே பலனைக் கொண்டுவருகிறார்கள். கருப்பட்டி, வறுத்த பருப்பு, கூடவே கூர்மையான புளிப்பு. மற்ற வைன்களைத் திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்தும் மூன்று நான்கு நாளில் முடித்தாக வேண்டும். மதீரா ஏற்கெனவே சூட்டையும் காற்றையும் கண்டுவந்தது, திறந்த பிறகும் மாதக்கணக்கில் தாங்கும். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சீசா எனக்குத் தெரிந்து இல்லை. வாங்கும்போது லேபிளில் பாருங்கள்: செர்சியல் என்றால் இனிப்பு மிகக் குறைவு, அடுத்து வெர்டேலோ, அதற்கு மேல் புவால், மால்ம்சி என்றால் முழு இனிப்பு. முந்திரிக்கொத்துக்குக் கடைசி இரண்டும் ஆகும், நெத்திலிப் பொரியலுக்குச் செர்சியலைக் குளிரவைத்துப் பாருங்கள்.